தோ என்றால் கொடு

எல்லா மொழிகளும் கொடு என்றபோது ஒரே ஒரு மொழி மட்டும் எடு என்றது. அந்த ஒன்றை மாதங்கி தள்ளிவைத்தாள்.

அப்போது அது தப்பாகத் தெரியவில்லை. வேர்ச்சொல் தேடுகிற எல்லோரும் செய்வதுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் பேசப்பட்டு, யாரும் எழுதிவைக்காமல் மறைந்துபோன ஒரு மொழி. அதற்கு ஏகப்பட்ட பிள்ளைகள்: இந்தி, மராத்தி, பாரசீகம், கிரேக்கம், லத்தீன் என்று உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். பிள்ளைகளின் ஜாடையைப் பார்த்து, யாரும் பார்த்திராத தாயின் முகத்தை வரைவதுதான் மாதங்கியின் வேலை. சமஸ்கிருதத்தில் தா, தானம் என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். லத்தீனில் தோ. கிரேக்கத்தில் திதோமி. பாரசீகத்தில் தாதன். மராத்தியில் தே. எல்லாம் கொடுப்பதையே சொல்லின. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு முகம் திரண்டு வந்தது: தோ. அதன் கடைசியில் தொண்டையில் உரசும் ஒரு மூச்சு. அந்த மூச்சு இன்றைக்கு எந்தப் பிள்ளையிடமும் அப்படியே இல்லை.

ஹிட்டைட் மட்டும்தான் இடித்தது. துருக்கியில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த களிமண் பலகைகளில் இருக்கும் மொழி அது. பிள்ளைகளிலேயே முதலில் எழுதப்பட்ட பிள்ளை. அதிலும் அதே 'தா' இருந்தது. ஆனால் அதன் பொருள், எடுத்துக்கொள்.

"ஒரே சொல்லுக்குக் கொடுக்கிறதும் எடுக்கிறதும் எப்படி மேடம் அர்த்தமாக இருக்கும்?" என்று கேட்டார் சேவியர் அருள்ராஜ். தஞ்சாவூரில் மாதங்கி வேலை பார்த்த பேச்சுமீட்பு நிலையத்தைத் தொடங்கிய நரம்பியல் மருத்துவர்.

"இருக்கலாம் சார். ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் கைக்கு ஒரு பொருள் மாறுது. அவ்வளவுதான் பழைய சொல் சொல்லியிருக்கும். யார் கொடுத்தா, யார் வாங்கினாங்கிறது பின்னாடி பிரிஞ்சிருக்கும். இல்லேன்னா ஹிட்டைட்ல மட்டும் பொருள் திரும்பியிருக்கும். ரெண்டுக்கும் ஆதாரம் சொல்ல முடியும்."

"என் மெஷினுக்கு அதெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு வேர், ஒரு அர்த்தம். அப்படிக் கொடுங்க."

பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கான மெஷின் அது. இழந்த சொற்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கற்றுத் தருவதற்குள் ஆயுசே முடிந்துவிடும். சேவியர் வேறு வழி கண்டுபிடித்திருந்தார். தலையில் ஒரு வளையத்தைப் பொருத்தி, காந்தத் துடிப்புகளோடு வேர்ச்சொல்லின் ஒலியையும் அதன் பொருளையும் சேர்த்துப் பதித்தால், அந்த வேரிலிருந்து கிளைத்த தாய்மொழிச் சொற்கள் தாமாகவே முளைத்து வந்தன. தோ என்று பதித்தால் மராத்திக்காரருக்கு அதன் கிளைகள் வரிசையாகத் திரும்பின. ஏன் என்று அவருக்கே முழுசாகத் தெரியாது. "விதை போட்டா முளைக்குது. மண்ணுக்குள்ள என்ன நடக்குதுன்னு பிறகு பார்ப்போம்" என்பார்.

மாதங்கி ஹிட்டைட்டைத் தள்ளிவைத்தாள். சேவியர் கேட்டதற்காக மட்டும் இல்லை. மனிதர்களின் மிகப் பழைய சொற்களில் ஒன்று கொடு என்பதாக இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. கருத்தரங்குகளில் அதைச் சொன்னபோது ஜனங்கள் கை தட்டினார்கள்.

*

துளஜா வந்தது அந்த வருஷத்தின் கடைசியில். தஞ்சாவூர் மேல வீதியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மராத்திக் குடும்பம். வீட்டுக்குள் மராத்தி, வாசலைத் தாண்டினால் தமிழ். பிரசவம் ஆன மறுநாளே பக்கவாதம். இருபத்தொன்பது வயசு. பிழைத்துக்கொண்டாள், வலது கையும் பேச்சும் போய்விட்டன. கணவன் விட்டல்ராவ் பஸ் பணிமனையில் மெக்கானிக். ஷிப்டு முடிந்து கிரீஸ் வாசனையோடு வந்து, நிலையத்தின் வராந்தாவில் சுவரில் சாய்ந்து தூங்கிப்போவான்.

குழந்தையைப் பார்த்துக்கொண்டது விட்டலின் அக்கா ருக்மா. ஓசூரில் ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரிக்கும் பிரிவுக்கு மேற்பார்வை. கல்யாணமாகி இருபது வருஷம், குழந்தை இல்லை. லீவு போட்டுவிட்டு வந்தவள் மாதக்கணக்கில் தங்கிவிட்டாள். அம்பிகா என்று பெயர் வைத்து, அம்பு அம்பு என்று கூப்பிட்டு, குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தாள்.

துளஜாவுக்குப் பேச்சு முளைத்தது. முதலில் வா, போ. பிறகு நில், தின். தோ பதித்த வாரத்தில் மராத்தியின் தே வந்தது. ஆச்சரியமாகத் தமிழின் 'தா'வும் கூடவே வந்தது. தமிழ் அந்தக் குடும்பத்து மொழியே இல்லை. ஒலி ஒத்துப்போனதால் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி பந்தியில் வந்து உட்கார்ந்துகொண்டது. வேற்றுமை உருபுகள் மட்டும் வரவில்லை. யாரை, யாருக்கு, யாரிடமிருந்து என்பதெல்லாம் இல்லாமல் சொற்கள் தனித்தனியாக விழுந்தன.

அப்போதுதான் தத்துப் பேச்சு எழுந்தது. அம்புவை ருக்மாவே வளர்க்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். தாயின் சம்மதம் வேண்டும் என்றார் வக்கீல். அவள் சொல்வது புரிந்துதான் சொல்கிறாள் என்று நிலையத்திலிருந்து ஒருவர் சான்று தர வேண்டும். சேவியர் வெளியூரில் இருந்தார். மாதங்கியைக் கூப்பிட்டார்கள்.

"துளஜா, அம்புவைத் தரீங்களாம்மா?" என்று மாதங்கி கேட்டாள். மராத்தியிலும் கேட்டாள்.

துளஜா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்பு... நான்... தரேன்" என்றாள். நல்ல கையான இடது கையை நீட்டினாள், உள்ளங்கை மேலே பார்க்க.

அந்தக் கை மாதங்கியை ஒரு நொடி உறுத்தியது. கொடுப்பவரும் கையை நீட்டுகிறார், கேட்பவரும் நீட்டுகிறார். இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் ருக்மா ஏற்கெனவே அழ ஆரம்பித்திருந்தாள்; வக்கீல் பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார்; எல்லோருக்கும் பசி நேரம். மாதங்கி கையெழுத்துப் போட்டாள்.

"ரொம்ப நன்றி டாக்டரம்மா" என்றாள் ருக்மா. தான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்று சொல்வதை மாதங்கி எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

*

கன்ஷியாம் லால் திருச்சியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். இந்திக்காரர். அவருக்கும் தோ பதித்து, பேச்சு ஓரளவு வந்துவிட்டது. ருக்மா அம்புவை ஓசூருக்குக் கொண்டுபோய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் காலையில் டீ வந்தபோது, மாதங்கி ஒரு கிளாஸை அவர் பக்கம் நீட்டி, "லீஜியே" என்றாள், எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அதை வாங்காமல், தட்டிலிருந்த இன்னொரு கிளாஸை மரியாதையாகத் தூக்கி அவளிடம் நீட்டினார்.

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடியைக் காட்டி, "தோ" என்றாள், கொடுங்கள். அவர் எட்டி அவள் கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டார். முகத்தில் விளையாட்டே இல்லை. சொன்னபடி செய்த திருப்திதான் இருந்தது.

மங்கலாகத் தெரிந்த அறையில் மாதங்கி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைத் திருப்பிக் கேட்க அவளுக்குச் சொல் இல்லை.

அந்த வாரம் முழுக்கச் சோதித்தார்கள். பெரும்பாலோருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. சிலருக்கு மட்டும், கொடு என்று பதித்த இடத்தில் எடு என்பதும் சேர்ந்து முளைத்திருந்தது.

"நாம பதிக்காதது எப்படி சார் வந்துச்சு?"

சேவியர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "கொடுக்கக் கையை நீட்டும்போதும் வாங்கக் கையை நீட்டும்போதும் மூளையில கிட்டத்தட்ட ஒரே இடம்தான் வேலை செய்யுது. ரெண்டையும் பிரிச்சு வைக்கிறது மொழிதான். அந்த மொழியைத்தான் இவங்க இழந்துட்டாங்களே. உங்க பழைய சொல் பழைய மாதிரியே முளைச்சிருச்சுன்னு வச்சுக்கங்க."

"எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் அந்த 'எடு'வைத் தள்ளி வச்சேன்."

"நான்தான் கேட்டேன். பரவாயில்ல, இன்னொரு பதிவு போட்டுச் சரி பண்ணிடலாம்."

"துளஜாவோட குழந்தையை எப்படிச் சரி பண்றது?"

அவர் நோயாளிகளின் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "முதல்ல அந்தப் பொண்ணைச் சோதிப்போம். அதுவரைக்கும் யார்கிட்டயும் போய் எதுவும் சொல்லிடாதீங்க. இங்க பேச்சு திரும்பினவங்க சொல்றதை நம்ப முடியாதுன்னு ஒரு தடவை ஊர்ல பேச்சு வந்துட்டா, அவங்க வாயைத் திறந்தும் திறக்காத மாதிரிதான்."

தன் மெஷினைக் காப்பாற்றப் பேசுகிறார் என்று மாதங்கி நினைத்தாள். துளஜாவின் வீடு நிலையத்திலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். அவள் வாசலில் போய் நிற்க மாதங்கிக்குத் துணிச்சல் வரவில்லை. நீட்டிய அந்த இடது கை கண்ணுக்குள்ளேயே நின்றது. கேட்ட கை, தான் வெறுங்கையாக அனுப்பிய கை.

சனிக்கிழமை காலை அவள் ஓசூருக்கு பஸ் ஏறினாள்.

*

ருக்மா இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். அம்பு நடக்கப் பழகியிருந்தாள். இறக்கிவிட்டதும் தத்தித் தத்திப் போய் மாதங்கியின் பையைக் கவிழ்த்தாள்.

மாதங்கி எல்லாவற்றையும் சொன்னாள். களிமண் பலகையிலிருந்து கன்ஷியாம் லாலின் கண்ணாடி வரை. ருக்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். முள் கீறிய விரல்களால் சேலை நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"அப்ப அன்னிக்கு துளஜா குடுக்கறேன்னு சொல்லலியா?"

"எனக்குக் குடுங்கன்னு கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாமா, கேட்டாளா? எனக்கு ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க டாக்டரம்மா."

தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் இந்த ஒரு வாரத்தில் மாதங்கியின் தலைக்குள் தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது. தெரியாது என்று இப்போது சொன்னால் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பது போல இருந்தது.

"கேட்டாங்க" என்றாள்.

ருக்மா எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் ஏதோ விழுந்தது. வெகுநேரம் கழித்து வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள். கையில் குழந்தையின் துணிப்பை.

"எத்தனை மாசமா பாவி நான் அவ பிள்ளையைத் தூக்கி வச்சுக் கொஞ்சிட்டிருக்கேன். ஒரு தடவை போன்ல பேசினப்ப 'அம்பு, அம்பு'ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டா. ஏக்கம்னு எனக்குத் தோணலியே. விசாரிக்கிறான்னுல்ல நெனச்சேன்." பையின் நாடாவை இழுத்துக் கட்டினாள். "கிளம்புங்க. இவர் வேலையிலேர்ந்து வந்தா என்னைப் போக விடமாட்டார்."

சேலம், திருச்சி என்று பஸ் மாறி மாறிப் போனார்கள். வழியெல்லாம் ருக்மா குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை. திருச்சியில் மாதங்கி பால் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தபோது அதை வாங்கிக்கொண்டாள். ஆனால் மாதங்கியின் முகத்தைப் பார்க்கவில்லை. ராத்திரி தெரிந்தவர் வீட்டில் படுத்துவிட்டு, காலையில் மேல வீதிக்குப் போனார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை என்பதால் விட்டல் வீட்டில் இருந்தான். துளஜா கூடத்தில் உட்கார்ந்து, ஒரு தட்டில் அவரைக்காயை இடது கையால் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் நன்றாகத் தேறியிருந்தாள்.

அவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். முகம் மலர்ந்தது. "அம்பு நடக்கறா!" என்றாள்.

"துளஜா, என்னை மன்னிச்சிரும்மா" என்று ருக்மா உடைந்த குரலில் சொல்லிக் குழந்தையை அவள் பக்கம் நீட்டினாள். "உன் பிள்ளையை நீயே வச்சுக்க."

துளஜா கையை நீட்டவில்லை. ஓரடி பின்னால் போனாள்.

"என்னாச்சு அக்கா?" என்று விட்டல் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். அழத் தொடங்கிய குழந்தை ருக்மாவின் பக்கமே தாவியது. மாதங்கிதான் விளக்கினாள். விட்டலின் முகம் கறுத்தது. துளஜா ஒவ்வொரு வாக்கியத்தையும் கவனமாகக் கேட்டாள். முடிந்ததும் குனிந்து அவரைக்காய்த் தட்டை எடுத்து மாதங்கியின் கையில் வைத்தாள்.

"இது குடுக்கறது" என்றாள். பிறகு தட்டைத் திரும்ப வாங்கிக் கீழே வைத்தாள். "இது எடுக்கறது."

மாதங்கி தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் துளஜா. "அன்னிக்கும்... தெரியும்."

"அப்ப ஏன்டி குடுத்தே?" என்று விட்டல் கத்தினான். "பெரியவங்க சொன்னதுக்கு மறுத்துப் பேச வாய் வரல, அதனால நீ தலையாட்டினேன்னுல்ல நான் இத்தனை நாளா நெனச்சிட்டிருக்கேன்!"

துளஜா ருக்மாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். சொல்லாமல் இருந்துவிட முடியுமா என்று அவள் யோசிப்பது தெரிந்தது. ஆனால் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எது சொன்னாலும் அதை நம்பலாமா என்ற கேள்வியோடு.

"குளிப்பாட்டினேன். அக்கா கடைக்குப் போனா. வலிப்பு வந்துச்சு. நல்ல கையும்... இப்படி விட்டுப் போச்சு." அவள் தன் வலது கையை இடது கையால் தூக்கிக் காட்டிவிட்டு விட்டாள், அது தொப்பென்று விழுந்தது. "அம்பு தண்ணில. நான் பக்கத்துல கெடக்கேன். கண்ணு தெரியுது. கூப்பிடணும். யாராவது வாங்கன்னு கூப்பிடணும். வா... அந்த வா வரல. ஒரு சத்தம் வரல." மூச்சு வாங்கியது. "அம்புவா திரும்பி... அவளா தொட்டி விளிம்பைப் பிடிச்சா. இருமினா. நான் எதுவும் பண்ணல."

விட்டல் விசும்பும் குழந்தையின் முதுகைத் தடவினான்.

"அந்த வாரம்தான் நெஞ்சுல சளின்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்" என்றான் விட்டல், யாரிடமோ சொல்வதுபோல. அவன் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்த பார்வையில் ஒரு புது பயம் இருந்தது. துளஜா அதைப் பார்த்துவிட்டாள். இத்தனை மாதங்களாக அவள் மறைத்துவைத்தது அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கத்தான் என்று மாதங்கிக்கு அப்போது புரிந்தது.

"வலிப்பு இன்னும் வருதா?" என்று மாதங்கி கேட்டாள்.

"வருது." துளஜா நிமிர்ந்தாள். "நான் தரேன்னு சொன்னேன். யோசிச்சு யோசிச்சு, அந்த ஒரு சொல் வர்றதுக்குக் காத்திருந்து சொன்னேன். நீங்க ஏன் எங்கிட்ட வந்து கேக்கல?"

ஆட்டோவில் போகிற தூரம். மாதங்கி போகவில்லை. சான்று கொடுத்த அன்று இன்னும் இரண்டு கேள்வி கேட்கவில்லை. தப்பு என்று தெரிந்தபோதும் கேட்கவில்லை. இரண்டு தடவையும் துளஜாவின் சொல்லுக்கு அவளே பொருள் சொல்லிவிட்டாள்.

"நான் வேணா இங்கயே வந்து தங்கிடறேன்" என்றாள் ருக்மா, அழுதுகொண்டே. "வேலையை விட்டுடறேன்."

"அங்க உன் வீடு. உன் மனுஷன். வேணாம் அக்கா."

"இன்னிக்கு ஒரு நாளாவது அவளை வச்சுக்கயேன்."

துளஜா பதில் சொல்வதற்குள் அம்பு தகப்பனின் கையிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டாள். அழுத களைப்பில் தரையில் உட்கார்ந்து, முன்னால் தெரிந்த பச்சைக் கண்ணாடி வளையலைப் பார்த்தாள். தவழ்ந்து போய்த் துளஜாவின் இடது கையைப் பிடித்தாள். துளஜா மெல்லக் கீழே உட்கார்ந்தாள். குழந்தை வளையல்களைச் சத்தமெழக் குலுக்கிச் சிரித்தது. பிறகு அவள் முழங்காலில் தலையைச் சாய்த்தது. விட்டல் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கொஞ்ச நேரத்தில் குழந்தை அப்படியே தூங்கிவிட்டது.

முதல் தடவை கொடுத்தபோது அது தவழ்ந்து வந்து கையைப் பிடிக்கத் தெரியாத கைக்குழந்தை.

துளஜா அந்தச் சின்ன முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ருக்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். ருக்மா மண்டியிட்டு இரண்டு கைகளாலும் குழந்தையை எழுப்பாமல் தூக்கினாள். தூக்கத்திலும் அம்புவின் விரல்கள் வளையல்களை விடவில்லை. துளஜாவின் கையும் கூடவே மேலெழுந்தது. விரல்களைப் பிரிக்க துளஜாவுக்கு இன்னொரு கை இல்லை. ருக்மாவின் கைகள் இரண்டிலும் குழந்தை இருந்தது.

துளஜா மாதங்கியின் பக்கம் திரும்பினாள்.

"நான் தரேன். எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்றாள். பிறகு, "நீங்க எடுத்து விடுங்க."

மாதங்கி குனிந்து உட்கார்ந்தாள். குழந்தையின் விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. சுண்டுவிரலிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.